தராசுக்கும் பி.எல்.சி.க்கும் நடுவில் எந்தக் கேபிள்?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) ஒன்றில் போன வருடம் கேட்ட கேள்வி இது. பருப்பு நிரப்பும் டின் 11.34 கிலோ, அதாவது பழைய 25 பவுண்டு கணக்கு. தராசு அந்த எடையைத் தொட்டதும் பி.எல்.சி., அதாவது மெஷினை ஓட்டும் சிறு கம்ப்யூட்டர், பருப்பைத் தள்ளும் அதிர்வுத் தட்டை நிறுத்த வேண்டும். தராசின் இண்டிகேட்டரில் (எடை காட்டும் பெட்டி) ஆர்.எஸ்.232, ஆர்.எஸ்.485 என்ற இரண்டு சீரியல் போர்ட்டும், எடைக்கேற்பக் கரண்ட் மாறும் 4-20 மில்லிஆம்ப் அவுட்புட்டும் இருந்தன. "எதுல கொடுத்தாலும் ஒண்ணுதானேண்ணே?" என்றார் அங்கிருந்த எலக்ட்ரீஷியன் தம்பி. ஒன்றில்லை. நம் மாவட்டத்தில் கண்டிப்பாக ஒன்றில்லை.

முதலில் 4-20 மில்லிஆம்ப். இரண்டு வயர், அனலாக் கார்டு, வேலை முடிந்தது. புரோகிராமில் ஒரு ஸ்கேலிங் வரி போதும். ஆனால் 12 பிட் கார்டில் மொத்தம் 4096 படிகள்தான். 15 கிலோ தராசுக்கு ஒரு படி கிட்டத்தட்ட 3.7 கிராம். தராசு 11.340 காட்டும்போது எச்.எம்.ஐ. (பி.எல்.சி.யின் திரை) 11.336 காட்டும். எது சரி என்று சூப்பர்வைசருக்கும் பேக்கிங் அக்காமாருக்கும் தினமும் வாக்குவாதம். தொட்டியில் ரப்பர் பால் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க இது தாராளம். விலைக்கு விற்கும் எடைக்கு இதை நான் வைப்பதில்லை.

ஆர்.எஸ்.232 அதே எண்ணை எழுத்தாகவே அனுப்பும். பெரும்பாலான இண்டிகேட்டர்கள் ஒவ்வொரு வரியிலும் எடை நிலையாக நிற்கிறதா, ஆடுகிறதா என்பதையும் சேர்த்தே சொல்லும். இதைக் கவனிக்காமல் வெறும் எண்ணை மட்டும் பிடுங்கிக்கொள்கிறவர்கள் பிறகு வருந்துவார்கள். டின் விழுந்த அதிர்ச்சியில் ஒரு கணம் 12 கிலோ காட்டும், பி.எல்.சி. தட்டை நிறுத்திவிடும். இன்னொரு சிக்கல், இண்டிகேட்டர் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்போது பி.எல்.சி. வரியின் நடுவில் கேட்கத் தொடங்கினால் பாதி எண் கிடைக்கும். வரி முடிவில் வரும் 13, 10 என்ற இரண்டு குறிகளையும் முடிவு அடையாளமாக வைத்து, அதற்குப் பிறகு வருவதையே முழு வரியாக எடுக்க வேண்டும். சீமென்ஸ் எஸ்7-1200 பி.எல்.சி.க்கு இடப்பக்கம் சேரும் சி.எம்.1241 மாடியூலில் இதை அமைப்பிலேயே கொடுக்கலாம். டெல்டா டி.வி.பி. வகைகளில் ஆர்.எஸ். என்ற கட்டளையோடு கொஞ்சம் கையால் எழுத வேண்டும்.

இத்தனையும் செய்யலாம், சரி. ஆனால் 232-க்கு வழக்கமான எல்லை 15 மீட்டர். ஒரு போர்ட்டில் ஒரே ஒரு கருவி. இரு முனைகளும் ஒரே பொது வயரை நம்பி நிற்கின்றன. அந்தப் பொது வயர்தான் இங்கே ஆளைக் கொல்கிறது.

வேறொரு இடத்தில், குலசேகரம் பக்கம், ரப்பர் ஷீட் எடை போடும் அறைக்கும் மெயின் பேனலுக்கும் நடுவில் ஒரு முற்றம். இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த். கேபிள் நீளம் 15 மீட்டருக்குள்தான் என்று நான் 232-ஐயே இழுத்தேன். ஐப்பசி இடி ஒரு சாயங்காலம் அடித்தது. கரண்ட் போகவே இல்லை, ஃபியூஸ் கூட போகவில்லை. இண்டிகேட்டர் போர்ட்டும் பி.எல்.சி. மாடியூலும் மட்டும் செத்திருந்தன. இரண்டு எர்த்துக்கும் நடுவில் ஏறிய வோல்டேஜ் ஓடிப்போக நான் போட்டுக்கொடுத்த பாதை அந்தப் பொது வயர். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் இதை நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்.

அதனால்தான் ஆர்.எஸ்.485 பக்கம் சாய்கிறேன். முறுக்கிய இரண்டு வயர்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் அது படிக்கிறது. மோட்டார் டிரைவ் பக்கத்தில் ஓடினாலும் தாங்கும். 1200 மீட்டர் வரை, ஒரே வயரில் 32 கருவிகள் வரை போகலாம். ஆனால் அதுவும் கடவுள் இல்லை. எர்த் வித்தியாசத்தை மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான் அது பொறுக்கும். கட்டடம் தாண்டினால் இரு பக்க மின் தொடர்பையும் பிரித்து வைக்கும் ஐசோலேட்டட் ரிப்பீட்டர் அல்லது ஃபைபர் கன்வெர்ட்டர் கட்டாயம். கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது. லைனின் இரு கடைசியிலும் 120 ஓம் ரெசிஸ்டர், நடுவில் கிளை பிரிக்காமல் ஒவ்வொரு கருவியாகத் தொட்டுச் செல்வது, ஷீல்டுக்கு ஒரே முனையில் எர்த். இவற்றில் சோம்பல் கூடாது. அந்த இரண்டு வயர்களின் ஏ, பி என்ற பெயர்களை கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி எழுதுகிறார்கள். பேசவில்லை என்றால் முதலில் அந்த இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.

485 மேல் ஓடும் மொழி பெரும்பாலும் மோட்பஸ் ஆர்.டி.யு. 1979-இல் மோடிகான் கொண்டுவந்தது, இன்றும் எனர்ஜி மீட்டர், டிரைவ், இண்டிகேட்டர் எல்லாம் அதைப் பேசும். இதில் எழுத்தைப் பிரித்தெடுக்கும் தொல்லை கிடையாது. அதற்குப் பதில் வேறொரு தொல்லை உண்டு. 11.34 என்பது 16693, 28836 என்று இரண்டு ரெஜிஸ்டராக (16 பிட் எண் வைக்கும் இடம்) வரும். வரிசை மாறிச் சேர்த்தால் 4-க்குப் பின்னால் 29 பூஜ்யம் போட்ட எடை திரையில் நிற்கும். அது தராசின் கோளாறு அல்ல, இரண்டு ரெஜிஸ்டர்களை இடம் மாற்றினால் போதும். மேனுவலில் 40001 என்று இருக்கும் ரெஜிஸ்டர் முகவரியை சில பி.எல்.சி. 0 என்றும் கேட்கும். ஒரு எண் தள்ளிப் படித்தால் அருகிலுள்ள வேறு ஏதோ வரும், அதுவும் நம்பும்படியாகவே இருக்கும்.

வேகத்தையும் பார்த்துவிடுவோம். 9600 பாட் (baud) வேகத்தில் ஒரு எழுத்துக்கு 1 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். கேள்வியும் பதிலும் 17 எழுத்து, கருவி யோசிக்கும் நேரத்தோடு 30 முதல் 50 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். குளச்சல் பக்கத்து ஐஸ் பிளான்டில் 20 எனர்ஜி மீட்டர்களைக் கேட்டுச் சுற்றிவர 1 செகண்ட், அங்கே யாருக்கும் அவசரமில்லை. ஆனால் காத்திருப்பு நேரத்தை 1 செகண்ட் என்று வைத்து, ஒரு மீட்டர் ஆஃப் ஆகிவிட்டால், ஒவ்வொரு சுற்றும் இரட்டிப்பாகும். தட்டை நிறுத்தும் தராசை அந்த வரிசையில் சேர்க்கவே கூடாது, அதற்குத் தனி போர்ட் வேண்டும்.

கடைசியாக கேட்வே, சீரியலை ஈத்தர்நெட் ஆக்கும் பெட்டி. மோக்ஸாவின் எம்கேட் போன்றவை ஆர்.டி.யு.வை ஈத்தர்நெட்டில் ஓடும் மோட்பஸ் டி.சி.பி.யாக மாற்றித் தரும். பி.எல்.சி., ஸ்காடா (ஆலை முழுவதையும் கண்காணிக்கும் மென்பொருள்), அலுவலகக் கம்ப்யூட்டர் மூன்றுக்கும் அதே எண் வேண்டும் என்றால் இதுவே வழி, 485-இல் கேள்வி கேட்கும் இரண்டு எஜமானர்கள் ஒரே நேரத்தில் பேச முடியாது. பி.எல்.சி.யில் சீரியல் மாடியூலுக்கு இடமில்லை என்றாலும் இதுதான். என் தயக்கம் ராத்திரி நேரத்தைப் பற்றியது. பெட்டிக்கு ஒரு பவர் சப்ளை, ஒரு ஐ.பி. (நெட்வொர்க் முகவரி), ஒரு பாஸ்வேர்டு. ஷிப்டில் இருப்பவருக்கு மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், ஐ.பி. மாற்றத் தெரியாது. கடற்கரையில் உப்புக் காற்று வேறு, ஈத்தர்நெட் கேபிளின் ஆர்.ஜே.45 பின்கள் டெர்மினலைவிடச் சீக்கிரம் களிம்பு பிடிக்கும்.

அண்டி ஆபீஸில் என்ன செய்தேன்? தராசும் பேனலும் ஒரே அறை, நடுவில் 4 மீட்டர். ஆனாலும் 485 மோட்பஸ், அந்தத் தராசுக்கு மட்டும் தனி போர்ட். நாளைக்கு இரண்டாவது தராசு தொலைவில் வந்தால், அப்போது எர்த்தைப் பார்த்துக்கொண்டு அதற்கு வேறு போர்ட் கொடுப்போம். வயரை மாட்டுமுன் லேப்டாப்பில் யு.எஸ்.பி. கன்வெர்ட்டரைப் போட்டு, தராசுத் தட்டில் எடை தெரிந்த கல்லை வைத்து, 16693-உம் அதன் ஜோடியும் எந்த வரிசையில் வருகிறது என்று தம்பியையே பார்க்கச் சொன்னேன். எழுதியும் வைத்தார், பேனல் கதவின் உள்பக்கம், மார்க்கரில்.