கரப்பானுக்கு புரோபயாட்டிக்: மாதக்கணக்கில் சாப்பிட்டால் என்ன கிடைக்கும்?

அலர்ஜிக் கரப்பானுக்கு (எக்ஸிமா) புரோபயாட்டிக், அதாவது நல்ல பாக்டீரியா சாஷே வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தோல் படுமோசமாக இருக்கும் வாரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். இந்த நோயோ தானாகவே ஏறி இறங்கும். உச்சத்தில் இருந்த அரிப்பு எப்படியும் கொஞ்சம் தணியும். பெயர் சாஷேக்குப் போய்விடும். அதனால் முதல் சாஷேயைப் பிரிக்கும் முன்பே இரண்டு வாரத்துக்கு ‘போயம்’ மதிப்பெண் (கரப்பான் தொந்தரவை வீட்டிலேயே அளக்கும் கேள்விப் பட்டியல்) எழுதி வையுங்கள். கடந்த 7 நாளில் எத்தனை நாள் அரித்தது, தூக்கம் கெட்டது, ரத்தம் கசிந்தது, நீர் வடிந்தது, வெடித்தது, உரிந்தது, வறண்டது என ஏழே கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 28 மதிப்பெண். மூன்று நான்கு புள்ளியாவது இறங்காவிட்டால் அது முன்னேற்றக் கணக்கில் வராது.

அடுத்து லேபிள். ‘லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ்’ என்று பாக்டீரியாவின் பெயரை மட்டும் போட்டிருந்தால் போதாது, பின்னால் ஜிஜி, எச்என்001 போன்ற ஸ்ட்ரெய்ன் (அந்த பாக்டீரியாவுக்குள் குறிப்பிட்ட வகை) குறியீடு இருக்க வேண்டும். நியூசிலாந்தில் 2008இல் வெளியான ஆய்வில் எச்என்001 கொடுத்த குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்குள் எக்ஸிமா வருவது ஏறக்குறைய பாதியானது. அதே ஆய்வில் கொடுத்த பிஃபிடோபாக்டீரியம் எச்என்019 ஒன்றும் செய்யவில்லை. ஜிஜியும் பின்லாந்தில் 2001இல் எக்ஸிமா வந்த குழந்தைகளை 46 சதவீதத்திலிருந்து 23 ஆக்கியது, 2008இல் ஜெர்மனியில் கைவிட்டது. இவையெல்லாம் வராமல் தடுக்கும் ஆய்வுகள் என்பதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. வந்துவிட்ட எக்ஸிமாவுக்கு, 39 ஆய்வுகளைத் தொகுத்த 2018 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் அமைப்பு) அறிக்கையில், எக்ஸிமாவின் கடுமையை 103க்கு அளக்கும் ஸ்கோராட் மதிப்பெண் சராசரியாக 4 கூடக் குறையவில்லை. தோலில் தெரிய வேண்டுமானால் 8, 9 குறைய வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டும் முயன்று பார்க்க நினைத்தால், தினமும் 1000 கோடி உயிருள்ள பாக்டீரியா என்பது வழக்கமான அளவு. அந்த எண்ணிக்கை தயாரித்த அன்றைக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்று பாருங்கள். சூடான பாலில் கலக்கினால் செத்துப்போகும். ஆறின தண்ணீர், தயிர், ஆறின கஞ்சி சரி. அடுப்புக்குப் பக்கத்து அலமாரி கூடாது. ஆன்டிபயாட்டிக் ஓடும்போது குறைந்தது 2 மணி நேர இடைவெளி விடுங்கள். முதல் வாரம் வயிறு உப்பினால் பாதி அளவாகக் குறைக்கலாம். வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் கொடுக்கும் பேசில்லஸ் கிளாசி குப்பி வேறு பாக்டீரியா. வீட்டுத் தயிர் நல்ல சாப்பாடுதான், ஆனால் அதில் எந்த ஸ்ட்ரெய்ன் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

பெரிய தவறு, சாஷே வந்ததும் மாய்ஸ்சரைசரைக் குறைப்பது. உடம்பு முழுக்க வறட்சி உள்ள குழந்தைக்கு வாரம் 250 கிராமாவது செலவாக வேண்டும்; 50 கிராம் ட்யூப் மாதம் முழுக்க வருகிறதென்றால் பூசவே இல்லை என்று அர்த்தம். ஸ்டீராய்டு களிம்பு, பெரியவர் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களோடு சேர்த்து) அகலத் தோலுக்கு அது போதும். முழங்கை மடிப்பில் தேன் நிறப் பொருக்கு கட்டினால் அது ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள், சாஷே அதற்கு மருந்தல்ல.

12 வாரம் கொடுத்தும் மதிப்பெண் இறங்கவில்லையா, நிறுத்திவிடுங்கள். இறங்கியிருந்தாலும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். மறுபடி ஏறாவிட்டால் அந்தக் காசைக் க்ரீமுக்குச் செலவழிக்கலாம். பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு லேபிளில் பால் புரதம் இல்லை என்று உறுதி செய்யாமல் கொடுக்கக் கூடாது. சில சாஷேக்களில் அது ஒட்டியிருக்கும். குறைமாதக் குழந்தைக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் டாக்டர் சொல்லாமல் வேண்டவே வேண்டாம், ரத்தத்தில் தொற்று வந்ததுண்டு.