ஆண்கள் சைஸில் ஹீல்ஸ் என்று விற்கும் இன்ஸ்டா பக்கங்கள்: அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஹீல்ஸ் போடும் ஆண்களுக்காகவும், போட ஆசைப்பட்டு எங்கே வாங்குவது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கடந்த மார்ச்சில் ஒரு ஜோடி செருப்பால் 8,199 ரூபாய் போனது. வலது கணுக்கால் சுளுக்கிப் பத்து நாள் வீட்டில் கிடந்தேன். கடைசியில் மிரட்டலும் வந்தது. மூன்றுக்கும் காரணம் ஒரே ஆள்.

என் கால் அளவு 43, நம் ஊர்க் கணக்கில் 9. பெண்களுக்கான ஹீல்ஸ் பெரும்பாலான கடைகளில் 40-லோ 41-லோ முடிந்துவிடும். அதற்கு மேல் கேட்டால் ஆண்கள் பக்கம் கை காட்டுவார்கள், அங்கே ஹீல்ஸ் இருக்காது. ஜனவரியில் தி.நகரில் ஒரு கடைக்குப் போனேன். "அக்காவுக்கா அண்ணே?" என்று கேட்ட பையனிடம், "இல்ல தம்பி, எனக்குத்தான்" என்றேன். அவன் பாவம், ஒன்றும் சொல்லாமல் 41 எடுத்துவந்து போட்டுப் பார்க்க உதவினான். ஆனால் கல்லாவில் இருந்தவர் போனை உயர்த்தி என்னைப் படம் எடுத்தார். அழிக்கச் சொன்னேன், சிரித்தார். மேலாளரைக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே அழிக்க வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஆனாலும் இரண்டு மாதம் எந்தக் கடைப் படியும் ஏறத் தோன்றவில்லை. அந்த இரண்டு மாதத்தில்தான் இந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது.

பக்கத்தின் முதல் பதிவிலேயே பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் ஓவியம். 1701-ல் ரிகோ வரைந்தது. மன்னர் காலில் சிவப்பு ஹீல்ஸ். கீழே, "ஹீல்ஸ் ஆண்களுக்காகப் பிறந்தது" என்று எழுதியிருந்தார்கள். அது பொய் இல்லை. பாரசீகக் குதிரை வீரர்கள், சேணத்தில் கால் வைக்கத் தொங்கும் அங்கவடியில் கால் நழுவாமல் எழுந்து நின்று அம்பு விட, குதி உயர்ந்த காலணி போட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்கள் அதைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஏற்கெனவே தெரிந்த, நான் பலரிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிற கதை அது. அதைச் சொல்கிறவர்கள் நம்மைப் புரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நம்பிவிட்டேன். "42 முதல் 46 வரை, ஆம்பூரில் தயாரிப்பு, ரகசிய பேக்கிங்" என்றும் போட்டிருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஏற்றுமதிக்குக் காலணி செய்கிறார்கள் என்பது ஊர் அறிந்த விஷயம். அந்தப் பெயரைக் கேட்டதும் மேற்கொண்டு நான் எதையும் விசாரிக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் பேச்சு இனிமையாக இருந்தது. "தயங்காதீங்க சார், நம்மகிட்ட நிறைய ஜென்ட்ஸ் வாங்குறாங்க" என்றார்கள். கறுப்பு நிறம், நான்கு அங்குலம், கணுக்காலில் பட்டை போட்டுக் கட்டும் மாடல். விலை 4,200. பாதி அட்வான்ஸ், அனுப்பும் முன் மீதி. கஸ்டம் ஆர்டர் என்பதால் கேஷ் ஆன் டெலிவரி கிடையாது, ரிட்டர்ன் கிடையாது. அப்புறம் ஒன்று கேட்டார்கள்: "ஃபிட்டிங் சரியா வர, நீங்க வேற ஹீல்ஸ் போட்டிருக்கிற மாதிரி முழு போட்டோ அனுப்புங்க, முகம் தெரிஞ்சாலும் பரவாயில்ல." நான் அனுப்பினேன். செருப்பு அளவெடுக்க முகம் எதற்கு என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. இதை யாராவது உங்களிடம் கேட்டால் அந்த நிமிடமே பேச்சை முடித்துவிடுங்கள். பின்னால் என்னை மிரட்டியது அந்தப் படத்தை வைத்துத்தான்.

பதினாறு நாள் கழித்துப் பெட்டி வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை, பில் இல்லை. அடியில் 43 என்று ஸ்டிக்கர். போட்டதும் விரல்கள் இடித்தன. "தோல் சார், போடப் போட இளகிடும்" என்றார்கள். தோலே இல்லை, ரெக்சின். ஆனால் இத்தனை நாள் காத்திருந்து என் காலில் ஏறிய ஜோடி, வேண்டாம் என்று வைக்க மனம் வரவில்லை. வீட்டுக்குள் மூன்று நாள் நடந்து பழகினேன். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைப் பார்க்க எழும்பூருக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மெட்ரோவில் சிலர் பார்த்தார்கள், ஒரு குழந்தை கை காட்டியது, அவ்வளவுதான். பொது இடத்தில் ஹீல்ஸோடு நடப்பதைப் பற்றி நான் பயந்ததில் பத்தில் ஒரு பங்குகூட நடக்கவில்லை. நிலையத்தின் படிகளில் இறங்கும்போதுதான் வலது செருப்பு நடுவில் மடிந்தது. ஹீல் ஒடியவில்லை. பாதத்தின் வளைவுக்குக் கீழே இருக்கிற பகுதி அட்டை மாதிரி வளைந்து, ஹீல் பின்னால் சாய்ந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்ததால் உருளவில்லை, நான்கு படியோடு போயிற்று. பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா என்னை உட்கார வைத்து, "மெதுவாப்பா, வீங்குது பாரு" என்று தண்ணீர் கொடுத்தார். செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை, தசைநார்தான் பிசகியிருந்தது.

கால் சரியானதும் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு ஒரு செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போய்ப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால், அவர் காட்டியதைப் படியுங்கள்.

உயர்ந்த ஹீல் உள்ள எந்தக் காலணியிலும், குதியிலிருந்து முன்பாதம் தொடங்கும் இடம் வரை, அடித்தட்டுக்குள் வளையாத ஒரு பட்டை ஓட வேண்டும், பெரும்பாலும் இரும்பு. ஷாங்க் என்பார்கள். தட்டையான செருப்பில் தரை நம் எடையைத் தாங்குகிறது. ஹீல்ஸில் குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவே தரையே இல்லை, பாலம் மாதிரி அந்தப் பட்டைதான் தாங்குகிறது. என் செருப்பைப் பிரித்ததும் உள்ளே அழுத்திய காகித அட்டை மட்டுமே இருந்தது. "தம்பி, இதுல கம்பியே இல்ல. ஹீலையும் ரெண்டு ஆணி அடிச்சு பசை தடவி ஒட்டியிருக்கான்" என்றார். என் எடை 78 கிலோ. படி இறங்கும்போது மொத்த எடையும் ஒரே காலில், ஒரே செருப்பில் விழும். அட்டை எப்படித் தாங்கும்? 43 ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் 42 என்று அச்சு. இந்த அளவு முறையில் ஒரு நம்பர் என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. நான்கு அங்குல உயரத்தில் பாதம் முன்னால் சரியும்போது அந்தக் கொஞ்சம் முழுவதும் விரல்கள் மேல் விழும்.

படங்களோடு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஆச்சரியமாக, உடனே ஒப்புக்கொண்டார்கள். "ரீஃபண்ட் க்யூஆர் அனுப்புறோம், ஸ்கேன் பண்ணி பின் போட்டா உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்." யுபிஐயில் பணம் வாங்க எந்தப் பின்னும் தேவையில்லை, பின் போட்டால் பணம் போகும். இது எனக்குத் தெரியும், அம்மாவுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வலியும் கோபமும் கலந்திருந்த அந்த நேரத்தில், சிக்கல் முடிந்தால் போதும் என்று போட்டுவிட்டேன். 3,999 ரூபாய் போனது.

திட்டி எழுதினேன். பதிலாக என் படமே வந்தது, கூடவே என் முகநூல் பக்கத்திலிருந்து அம்மா, அக்கா, அலுவலக நண்பர்கள் பெயர்கள். "10,000 போடு, இல்லன்னா எல்லாருக்கும் போகும்."

அந்த இரவு நான் தூங்கவில்லை. பணத்தை அனுப்பிவிடலாம் என்றுகூடக் கையில் போனை எடுத்தேன். அவர்கள் விற்பது செருப்பே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாம் வெளியே சொல்ல மாட்டோம் என்பதுதான் அவர்களுடைய மூலதனம். தரமில்லாத செருப்பை ஒரு பெண்ணுக்கு விற்றிருந்தால் அன்றைக்கே நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். நாம் யாரிடம் சொல்வோம்? "ரகசிய பேக்கிங்" என்று போட்டது நம் வசதிக்காக இல்லை.

விடியற்காலை தாம்பரத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கால் எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டாள். அம்மாவிடம் அவளே வந்து என்னோடு உட்கார்ந்து சொன்னாள். அம்மாவுக்குப் புரியவில்லை, பிடிக்கவும் இல்லை. ஆனால் "அவனுக்கு ஒரு பைசா கொடுக்காதே" என்றார். அதன் பிறகு அந்தப் படத்தை வைத்து அவனால் என்ன செய்ய முடியும்?

1930-க்கு அழைத்தேன். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எடுத்தவர் எந்த வங்கி, எத்தனை மணிக்கு, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் என்ன என்று மட்டும் கேட்டார். யாருக்குச் செருப்பு, ஏன் வாங்கினீர்கள் என்று கேட்கவே இல்லை. நான் பயந்த கேள்வி அதுதான். cybercrime.gov.in தளத்தில் மிரட்டலையும் சேர்த்துப் பதிவு செய்தேன். மிரட்டிப் பணம் கேட்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 308-ஆம் பிரிவில் தனிக் குற்றம், பணம் கொடுக்கவில்லை என்றாலும் புகார் கொடுக்கலாம். 3,999 போன கணக்கை வங்கி முடக்கியிருக்கிறது. பணம் இன்னும் கைக்கு வரவில்லை. உடனே அழைத்திருந்தால் அன்றைக்கே முடக்கியிருக்கலாம், நான் ஒரு இரவு தாமதித்தேன். நீங்கள் தாமதிக்காதீர்கள்.

செருப்புக்குக் கொடுத்த 4,200-க்காக நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைத்தேன். அங்கே முதல் கேள்வியே விற்றவரின் பெயரும் முகவரியும். என்னிடம் ஒரு போன் நம்பரும் பக்கத்தின் பெயரும்தான் இருந்தன. நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் வரை நேரம் உண்டு. எல்லாம் இருந்தும், நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரி இல்லாவிட்டால் வழக்கு நகராது. இணையத்தில் தொழிலாக விற்பவர் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர்ப்பு அலுவலரின் விவரம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே பணம் அனுப்பும் முன் பில் எந்தப் பெயரில், எந்த முகவரியில் வரும் என்று கேளுங்கள். நல்ல விற்பனையாளர் தயங்க மாட்டார்.

பக்கத்தில் இருக்கும் படங்களை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். நான் தாமதமாகத் தேடினேன், பாதிப் படங்கள் வெளிநாட்டுக் கடைகளுடையவை. கையில் செருப்பு வந்ததும் வீடியோ எடுத்தபடியே பெட்டியைப் பிரியுங்கள். ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். பிறகு முன்பக்கத்தையும் குதியையும் பிடித்து நடுவில் மடக்கிப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளையலாம், வளைவுக்குக் கீழே துளியும் வளையக் கூடாது. வளைந்தால் காலில் போடாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இப்போது பெரியமேட்டில் ஒருவரிடம் செய்து வாங்கியிருக்கிறேன். ஏற்றுமதித் தொழிற்சாலையில் மாதிரி காலணி செய்து பழகியவர். காகிதத்தில் இரண்டு காலையும் வரைந்து, விரல்கள் தொடங்கும் இடத்தின் சுற்றளவை டேப்பால் எடுத்தார். ஆண்களின் பாதம் அங்கே அகலம், பெண்கள் செருப்பை வடிக்கும் கால் அச்சை நீளமாக்கினால் மட்டும் போதாது என்றார். உயரத்தைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. 37 சைஸில் மூன்று அங்குலம் தரும் அதே சரிவு 43-இல் வருவதற்குக் கிட்டத்தட்ட மூன்றரை அங்குலம் வேண்டும், நீளம் கூடுவதால். ஆகவே "மூணு அங்குலம்னா பயமே வேண்டாம் தம்பி, உங்களுக்கு அது சின்னது" என்றார். இரும்புப் பட்டையை வைத்து மூடும் முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 5,500 ரூபாய், கையெழுத்துப் போட்ட பில்லோடு. மூன்றரை அங்குலம், பருத்த ஹீல். அக்கா மகள் காதுகுத்துக்கு வேட்டியோடு போட்டுக்கொண்டு போனேன், நாலு மணி நேரம் நின்றேன்.

அந்தப் பக்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் புகார் கொடுத்த பிறகு இரண்டு முறை பெயரை மாற்றிவிட்டார்கள், எழுதினாலும் பயனில்லை. ஆனால் லூயி ஓவியம் அப்படியே இருக்கிறது, "முகம் தெரிஞ்சாலும் பரவாயில்ல" என்ற வரியும் அப்படியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்கும் இதே மாதிரி நடந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். என் புகார் எண், உரித்த ஸ்டிக்கர், பிரித்த செருப்பு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பெயரை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நீங்கள் புகார் கொடுக்கப் போகும்போது துணைக்கு ஆள் வேண்டும் என்றால், சென்னைக்குள் எங்கே என்றாலும் நான் வருகிறேன்.