மைலேஜைக் கூட்டுவதா, 40 கிலோமீட்டரிலேயே வேகத்தைக் கூட்டுவதா?

ஹாஃப் மாரத்தானை, அதாவது 21.1 கிலோமீட்டரை, 2 மணி 10 நிமிடத்தில் முடிக்கிறீர்கள், வாரம் 40 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், அடுத்த ஜனவரிக்குள் இரண்டு மணி நேரத்துக்குக் கீழே வர வேண்டும். யாரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். மைலேஜைக் கூட்டு, அதாவது வாரம் ஓடும் கிலோமீட்டரைக் கூட்டு, மீதி தானாக வரும் என்பது ஒன்று. தினமும் ஊர்ந்து ஊர்ந்து ஓடி என்ன ஆகப்போகிறது, இன்டர்வல் போடு, அதாவது கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் மெதுவாக என்று மாறி மாறி ஓடு என்பது இன்னொன்று. எனக்கு முதல் பதில்தான் சரி என்று படுகிறது. ஆனால் அதைச் சொல்பவர்களில் பாதிப் பேர் எப்படிக் கூட்டுவது என்பதில் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் நேரக் கணக்கு. ஈஸி ரன், அதாவது நிதான ஓட்டத்தின் வேகம் கிலோமீட்டருக்கு 7:30 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் இப்போது வாரத்துக்கு 5 மணி நேரம் ஓடுகிறீர்கள். 55 கிலோமீட்டர் ஆக்கினால் அது கிட்டத்தட்ட 7 மணி நேரம். அதோடு இன்னொரு நாள் அலாரம், இன்னொரு செட் வியர்வைத் துணி, முந்தின நாள் ராத்திரி சீக்கிரம் படுக்க வீட்டில் நடத்த வேண்டிய பேச்சுவார்த்தை எல்லாம் சேரும். இன்டர்வல் வழியில் இந்தத் தலைவலி இல்லை. செவ்வாய்க்கிழமை 2 கிலோமீட்டர் வார்ம்-அப், 800 மீட்டரை நாலரை நிமிடத்தில் 6 தடவை, நடுநடுவே இரண்டு நிமிட மெல்லோட்டம். வியாழக்கிழமை 5 கிலோமீட்டர் டெம்போ, அதாவது இரண்டு மூன்று வார்த்தை பேச முடியும், முழுக்கதை சொல்ல முடியாது என்கிற வேகம். சனி, ஞாயிறு பழையபடி. நேரத்தில் இன்டர்வலுக்கே வெற்றி, இதில் சண்டை போட ஒன்றும் இல்லை.

இந்தக் கட்சியிடம் நல்ல ஆதாரமும் இருக்கிறது. 2007-இல் நார்வேயில் வந்த ஒரு ஆய்வில், 4 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெதுவாக என்று 4 சுற்று ஓடியவர்களுக்கு 8 வாரத்தில் விஓ2 மேக்ஸ், அதாவது உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு, 7 சதவீதம் அளவுக்கு ஏறியது. மெதுவாக 45 நிமிடம் ஓடியவர்களுக்கு அசையவே இல்லை. கேட்டால் வாயடைத்துப் போகும், ஆனால் அந்த ஆய்வில் இரண்டு குழுவுக்கும் மொத்த உழைப்பு ஒரே அளவு. மைலேஜ் கட்சி கேட்பதோ அதிக உழைப்பு! அதே 40 கிலோமீட்டரை இன்னும் மெதுவாக ஓடு என்று யாரும் சொல்லவில்லையே. அதுவும் 8 வாரம்தான். தசை செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவது, நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுவது எல்லாம் அதோடு நின்றுவிடுவதில்லை, மாதக்கணக்கில் போகும்.

வரலாற்றைப் பார்த்தால் இன்டர்வல் கட்சி கும்பிடும் செக் ஓட்டக்காரர் எமில் ஸாட்டோபெக் கூட அவர்களுக்கு முழுசாக உதவமாட்டார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் 5000 மீட்டர், 10000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கியவர் 400 மீட்டர் இன்டர்வலாக ஓடித் தள்ளினார், சரி. ஆனால் அவர் ஓடிய எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள், அதுவே பயங்கரமான மைலேஜ். எதிர்முகாமில் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு, காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லைக்கூட வாரம் 160 கிலோமீட்டர், அதில் ஆக்லாந்து பக்கத்து வைட்டாகெரே மலையில் 35 கிலோமீட்டர் என்று ஓடவிட்டார். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் 800 மீட்டரில் ஸ்னெல்லும் 5000 மீட்டரில் லிடியார்டின் இன்னொரு சீடர் முர்ரே ஹால்பெர்க்கும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். லிடியார்டும் வேகப் பயிற்சியை ஒதுக்கவில்லை, மைலேஜ் முடிந்த பிறகு வைத்தார், அவ்வளவுதான்.

இனி காயம். இங்கேதான் மைலேஜ் கட்சி சொதப்புகிறது. இதயமும் நுரையீரலும் சில வாரத்தில் தயாராகிவிடும், எலும்புக்கும் குதிகால் தசைநாணுக்கும் மாதங்கள் ஆகும். அதற்காக எல்லோரும் ஓதும் மந்திரம் 10 சதவீத விதி, அதாவது வாரத் தூரத்தை முந்தைய வாரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்பது. 2008-இல் நெதர்லாந்தில் 532 புதியவர்களை வைத்துப் பார்த்தார்கள். 10 சதவீதமாக மெதுவாகக் கூட்டிய குழுவிலும் வழக்கமான பயிற்சிக் குழுவிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசமே இல்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2025-இல் வந்த ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது: ஆபத்து வாரக் கூட்டலைவிட ஒரே ஓட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறது. கடந்த 30 நாளில் ஓடிய அதிகபட்ச தூரத்தை ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் காயம் கூடுகிறது.

நம் ஆட்கள் கூட்டுவதோ நேர் எதிராக. வார நாளில் நேரமில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமை சென்னை ஈசிஆர் சாலையில் 18 கிலோமீட்டரை 26 ஆக்குவது, அப்புறம் செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதற்கு இன்டர்வலே மேல். 8, 8, 6, 18 என்று நாலு நாள் ஓடுபவர் 10, 8, 10, 8, 19 என்று ஐந்து நாள் ஆக்கினால் 55 வந்துவிடும். ஞாயிறு ஒரே ஒரு கிலோமீட்டர்தான் கூடியிருக்கிறது. இதையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். முதல் மாதம் அந்த ஐந்தாவது நாளில் 5 கிலோமீட்டர் மட்டும் போதும்.

சென்னைக்காரர்களுக்கு வானிலையே பாதி முடிவை எடுத்துவிடும். மாரத்தான் ஜனவரியில், அதற்கு முந்தைய இரண்டு மாதமும் வடகிழக்குப் பருவமழை, தெருவில் முழங்கால் தண்ணீர். அந்த நேரத்தில் 55 கிலோமீட்டருக்கு எங்கே போவது? ஆகவே ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மைலேஜ். அப்போதும் புழுக்கம்தான், வாட்ச் காட்டும் வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுங்கள். நவம்பரில் 45-க்கு இறங்கி, மழை விட்ட காலைகளில் இன்டர்வலும் டெம்போவும், விடாத நாளில் டிரெட்மில்.

வாரம் 5 மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது என்பவர்கள், ஏற்கெனவே 70 கிலோமீட்டர் ஓடியும் நேரம் குறையாதவர்கள், இந்த இரண்டு வகைக்கும் என் ஓட்டு இன்டர்வலுக்குத்தான். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டுமே வேண்டாம், கிடைத்த நேரத்தில் தூங்குங்கள்.