நீட்டிப்பைப் பார்த்து வடிகட்டுதல்: நான்கு பதிவிறக்க மென்பொருள்கள்

பதிவிறக்க மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் வேகத்தையே பார்க்கிறார்கள். ஆனால் ஒரு பக்கத்திலுள்ள நூற்றுக்கணக்கான இணைப்புகளில் பிடிஎஃப் கோப்புகள் மட்டும் வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த மென்பொருள் நீட்டிப்பை, அதாவது கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் வகைக்குறியை, எங்கே பார்க்கிறது என்பதே முதல் கேள்வியாகிறது. இணைப்பின் முகவரியில் பார்க்கிறதா, சேவையகம் பதில் தந்த பிறகு தெரியவரும் உண்மையான கோப்புப் பெயரில் பார்க்கிறதா?

இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜரில், உலாவியிடமிருந்து எந்தெந்தப் பதிவிறக்கங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வது என்பதற்கான பட்டியலே வடிகட்டி. அமைப்புகளில் ஜிப், ஐஎஸ்ஓ, எம்பி4 போன்ற நீட்டிப்புகள் இடைவெளி விட்டு எழுதப்பட்டிருக்கும். வேண்டியதைச் சேர்க்கலாம், வேண்டாததை நீக்கலாம், குறிப்பிட்ட தளங்களுக்கு விலக்கும் தரலாம். கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்குபவருக்கு இது போதும். ஆயினும் டிஎஸ் என்னும் நீட்டிப்பு காணொளிக்கும் உண்டு, டைப்ஸ்கிரிப்ட் நிரலுக்கும் உண்டு. நீட்டிப்பை மட்டும் சொல்லும் பட்டியலால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது.

ஃபயர்ஃபாக்ஸ் பயனர்கள் நன்கறிந்த டவுன்தெம்ஆல் என்னும் உலாவித் துணைநிரல், பக்கத்தின் இணைப்புகளையெல்லாம் வரிசையிட்டு, நாம் தரும் வடிவத்துக்குப் பொருந்துபவற்றை மட்டும் தேர்வு செய்கிறது. நட்சத்திரக் குறியோடு எளிய வடிவமும் எழுதலாம், ரெகுலர் எக்ஸ்பிரஷனும் (எழுத்து வடிவங்களை நுணுக்கமாக விவரிக்கும் குறியீட்டு முறை) எழுதலாம் என்பதால், ஜேபிஜி, ஜேபெக் என்ற இரு எழுத்து வழக்குகளையும் ஒரே விதியில் பிடித்துவிடலாம். 2017 நவம்பரில் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய வகைத் துணைநிரல்களைக் கைவிட்டதால் இது செயலிழந்து, பின்னர் புதிதாக எழுதப்பட்டு மீண்டது. ஆனால் முகவரி பிஎச்பி (சேவையகத்தில் இயங்கும் நிரலின் நீட்டிப்பு) என்று முடிந்து, கோப்பின் எண் மட்டும் கேள்விக்குறிக்குப் பின் வரும் தளங்களில், பிடிஎஃப் என்று தேடும் விதிக்கு எதுவும் சிக்காது.

டபிள்யூகெட், கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டளைவரிக் கருவி. ஏற்கும் நீட்டிப்புகளையும் விலக்கும் நீட்டிப்புகளையும் காற்புள்ளியிட்டுத் தரலாம். ஒரு தளத்தை உள்ளே உள்ளே தொடர்ந்து செல்லும்போது, பிடிஎஃப் மட்டும் கேட்டிருந்தாலும், அடுத்த இணைப்புகளைக் கண்டறிவதற்காக எச்டிஎம்எல் பக்கங்களையும் இறக்கி, படித்த பின் அழித்துவிடும். இதை அறியாதவர்கள் வடிகட்டி வேலை செய்யவில்லை என்று எண்ணிப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பொறுத்திருந்தால் கேட்டது மட்டுமே வட்டில் மிஞ்சும். கேள்விக்குறிக்குப் பின்வரும் பகுதியை இவ்விதிகள் கணக்கில் கொள்வதில்லை. அதையும் சேர்த்துப் பார்க்க, முழு முகவரியோடு பொருத்தும் தனி விருப்பம் உண்டு.

ஜேடவுன்லோடர் இணைப்புகளை முதலில் ஒரு சேகரிப்புப் பட்டியலில் வைத்து, சேவையகத்திடம் பெயரையும் அளவையும் கேட்டறிந்து, அதன் பிறகே காணொளி, ஒலி, படம், சுருக்கக் கோப்பு என்று வகைப்படுத்துகிறது. ஜாவாவில் இயங்குவதால் கனமானது, நிறைய இணைப்புகளைச் சோதிக்க நேரமும் எடுக்கும். இருந்தாலும் முகவரியில் நீட்டிப்பையே காட்டாத தளங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். கோப்புறைகள் வெளிப்படையாகத் திறந்து கிடக்கும் சேவையகங்களுக்கு டபிள்யூகெட்டே போதும். அங்கே பெயரும் முகவரியும் ஒன்றாகவே இருக்கும்.