எக்ஸ்ப்ளெயினா, கிளாரிஃபையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: ஆங்கிலத்தில் எங்கே எக்ஸ்ப்ளெயின் (explain), எங்கே கிளாரிஃபை (clarify) போடுவது? மலாயில் இரண்டு இடத்திலும் ‘ஜெலாஸ்கான்’ என்றே எழுதிப் பழகியதால் வரும் குழப்பம்.

எப்போது? தெரியாததை முதலிலிருந்து சொன்னால் எக்ஸ்ப்ளெயின். சொன்னது குழம்பியிருந்தால் கிளாரிஃபை. ஆசிட் ஊற்றியதும் ரப்பர் பால் ஏன் உறைகிறது என்று தம்பிக்குச் சொல்வது எக்ஸ்ப்ளெயின். “எந்த ஆசிட்ணே?” என்று அவன் கேட்க, “ஃபார்மிக், தண்ணி கலந்தது” என்று தெளிவாக்குவது கிளாரிஃபை. வெண்ணெயை உருக்கிக் கசடு நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் கிளாரிஃபை என்றுதான் பெயர். பாட்டி நெய் காய்ச்சுவதை நினைத்துக்கொண்டால் மறக்கவே மறக்காது.

நீளம்? முன்னது ஒரு பத்தி கேட்கும், பின்னதற்கு ஒரு வரி போதும்.

பிழை? ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்று எழுதவே கூடாது, நடுவில் ‘டு’ வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இதில் தவறுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

சரி, எதை எடுப்பது? பரீட்சையில் காரணம் எழுத எக்ஸ்ப்ளெயின். டீச்சரிடம் சந்தேகம் கேட்கவும் ஆபீசுக்குக் கடிதம் போடவும் கிளாரிஃபை. ‘நீங்கள் சொன்னதில் ஒரு இடம் மட்டும் புரியவில்லை’ என்ற பணிவு அதில் இருக்கிறது.