மோனியே வீட்டின் இரண்டு காதல்கள்: காத்திருப்பதா, ஓடிப்போவதா?

புரட்சிக்கு முந்தைய பிரான்சில் மாகாணப் பிரபு வீட்டுப் பெண்ணைப் பெரியவர்களின் விருப்பத்தை மீறி அடைய நினைத்தவருக்கு வழிகள் சொற்பம். வயது வரும்வரை காத்திருக்கலாம். இரவோடிரவாக எல்லை தாண்டலாம். பெண்ணின் பெயரை ஊர்வாயில் போட்டு அப்பாவைப் பணிய வைக்கலாம். முதல் இரண்டும் கிழக்குப் பிரான்சின் பிரான்ஷ்-கோம்தே பகுதியில் ஒரே மனிதருக்கு எதிராக நடந்தன. டோல் நகரக் கணக்கு நீதிமன்றத்தின் முன்னாள் தலைவரான மார்க்கி த மோனியேதான் அவர்.

1760-களில் அவருடைய மகளுக்கும் வால்தாவோன் என்ற மஸ்கெடியர் (மன்னரின் காவல்படை) வீரருக்கும் இருந்த காதல் வெளியே வந்தது. மகளை மயக்கிக் கவர்ந்துவிட்டதாக மோனியே வழக்குப் போட்டார். இந்தக் குற்றச்சாட்டில் பெண்ணின் சம்மதத்துக்கு மதிப்பில்லை; வயது வராதவள் இசைந்தாலும் அது மயக்கத்தின் விளைவு என்றே கொள்வார்கள். 1579-ல் மன்னர் பிறப்பித்த புளுவா ஆணைப்படி தண்டனை மரணம். பிரிட்டனியில் 'கட்டிக்கொள்கிறாயா, சாகிறாயா' என்று குற்றவாளியையே தேர்வு செய்யச் சொல்லும் வழக்கம் இருந்தது. 1730-ல் அதையும் மன்னர் நிறுத்தினார்.

வயது வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். 1556 ஆணை வகுத்த எல்லை பெண்ணுக்கு 25, ஆணுக்கு 30. அதற்கு முன் அனுமதியின்றி மணந்தால் பெற்றோர் சொத்தில்லை என்று எழுதிவிடலாம். அதற்குப் பின், 1639 அறிவிப்பின்படி, பெற்றோரின் ஆலோசனையை எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டால் போதும், அவர்கள் மறுத்தாலும் திருமணம் நிற்காது. அடுத்து தேவாலயத்தில் மூன்று முறை ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பு, நான்கு சாட்சிகள், சொந்தப் பங்கின் (தேவாலய வட்டாரத்தின்) குருவானவர். சறுக்குவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான். 1697 ஆணைப்படி, அதே மறைமாவட்டத்துக்குள் பங்கு மாறியவர் 6 மாதமும், வேறு மறைமாவட்டத்திலிருந்து வந்தவர் ஓராண்டும் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். வெளியூரில் இரக்கப்பட்ட குருவானவர் ஒருவர் கட்டிவைத்த திருமணத்தை உயர்நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிடும்.

வால்தாவோன் ஜோடி பொறுமையாக இருந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, கடைசியில் மெட்ஸ் உயர்நீதிமன்றத்தில் அவர்கள் பக்கம் தீர்ந்தது. ஆனால் கிழவரின் கோபத்தைத் தீர்க்க எந்தத் தீர்ப்பாலும் முடியவில்லை. மகளுக்குச் சொத்துப் போகக்கூடாது என்று 1771-ல், அறுபதைத் தாண்டிய வயதில், 17 வயது சோஃபி த ரூஃபேயை மணந்தார். காத்திருக்கும் வழியின் பலவீனம் இதுதான்: எதிராளிக்கும் அதே கால அவகாசம் கிடைக்கிறது.

அந்தச் சோஃபிதான் இரண்டாவது கதையின் நாயகி. பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான மிராபோ, 1775-ல் ழூ கோட்டைக்குக் கைதியாக வந்து, அருகிலிருந்த போன்தார்லியேயில் அவளைச் சந்தித்தார். 1776 ஆகஸ்டில் இருவரும் சுவிஸ் எல்லையிலுள்ள வெரியேரில் சேர்ந்து, அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் போனார்கள். எல்லை பக்கத்தில்தான், ஓடுவது எளிது. ஆனால் ஓடிப்போய்ச் சேருமிடம் எது? மணவிலக்கு 1792-ல்தான் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தது. கணவர் உயிரோடிருக்கும்வரை இவர்களுக்குத் திருமணம் என்பதே இல்லை. 1777 மே மாதம் போன்தார்லியே நீதிமன்றம் ஆள் கையில் இல்லாததால் மிராபோவின் உருவத்துக்குத் தலைவெட்டுத் தண்டனையும், மோனியேவுக்கு 40,000 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) இழப்பீடும் விதித்தது. அதே மாதம் ஹாலந்தில் இருவரும் பிடிபட்டார்கள். மிராபோ 1780 இறுதிவரை வின்சென் சிறையில் இருந்தார். சோஃபி ழியான் நகர மடத்துக்கு அனுப்பப்பட்டாள். 1782-ல் மிராபோ தானே சரணடைந்து தீர்ப்பை உடைத்துக்கொண்டார்.  ஓட்டத்தின் விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவள் சோஃபிதான்.

ஊர்வாய் வழியையும் இதே மிராபோ முன்பே முயன்றிருக்கிறார். 1772-ல் தெற்குப் பிரான்சின் ஏக்ஸ் நகரின் பணக்கார வாரிசு எமிலி த மரிஞானுக்குப் போட்டியாளர்கள் பலர். அவளுடைய மாளிகைக்குள் இரவில் புகுந்து, காலையில் ஊரே பார்க்கும்படி நின்றார் என்பது நிலைத்துவிட்ட கதை. போட்டியாளர்கள் ஒதுங்க, ஜூன் மாதம் திருமணம் நடந்தது. வேகத்தில் இதை மிஞ்சிய வழி இல்லை. ஆனால் பணப்பை மாமனார் கையில்; மிராபோவோ செல்வத்தை எதிர்பார்த்தே லட்சம் லிவருக்கு மேல் கடன் வாங்கிவிட்டார். இரண்டே ஆண்டில் தன் தந்தையின் முயற்சியாலேயே சொத்தாளும் உரிமையை இழந்து, விசாரணையின்றிச் சிறைவைக்கும் அரச முத்திரைக் கடிதத்தால் இஃப் கோட்டைக்குள் அடைபட்டார்.

1783-ல் மனைவியைத் திரும்பக் கேட்டு ஏக்ஸில் தானே வாதாடினார். அவளுடைய பழைய தவறை ஒப்புக்கொண்ட கடிதத்தை மன்றத்தில் எடுத்தது பெரும் பிசகு. மனைவியை ஊரறியத் தூற்றியவன் அவளைக் கேட்க உரிமையற்றவன் என்று எமிலியின் வழக்கறிஞர் போர்த்தாலி அதையே ஆயுதமாக்கினார். மிராபோ தோற்றார்.

அதே போர்த்தாலி பின்னர் 1804 குடிமைச் சட்டத்தை வரைந்த நால்வரில் ஒருவரானார். அதில் பெற்றோர் அனுமதி தேவைப்படும் வயது பெண்ணுக்கு 21-க்கும், ஆணுக்கு 25-க்கும் இறங்கியது. அதைத் தாண்டியும் பெண் 25 வரை, ஆண் 30 வரை மூன்று முறை, மாதத்துக்கு ஒன்றாக, மரியாதையோடு எழுதிக் கேட்க வேண்டும். மூன்றாவது முறைக்கு ஒரு மாதம் கழித்து மணக்கலாம்.