சிங்க முத்திரையா, புவிசார் குறியீடா?

இலங்கைத் தேயிலையைக் காப்பது சிங்க முத்திரை. கறுவாவுக்கு இப்போது புவிசார் குறியீடு: ஓர் இடத்தின் பெயரை அங்கு விளையும் பொருளுக்கே உரித்தாக்கும் சட்டப் பாதுகாப்பு.

சிங்க முத்திரை இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமான வர்த்தகக் குறி. இலங்கையிலேயே பொதி செய்த, வேற்றுநாட்டுத் தேயிலை கலக்காத பொதிக்கே அனுமதி. நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் நாடு நாடாகப் பதிந்து, காலந்தோறும் புதுப்பித்து, மீறுவோரைச் சபையே துரத்த வேண்டும். சிறிய தீவுக்கு இது பெருஞ்செலவு.

கறுவா 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியப் பதிவேட்டில் ஏறியது. ஒரே பதிவு, உறுப்பு நாடுகள் அத்தனையிலும் செல்லும். போலிப் பெயரைத் தடுப்பது அங்குள்ள அதிகாரிகளின் கடமையும்கூட. நிபந்தனைகளுக்கு உட்பட்ட எந்த உற்பத்தியாளரும் பெயரைப் பயன்படுத்தலாம். கறுவாவைப் போன்ற மலிவான காசியாப் பட்டையோடு போட்டியிடும் கறுவாச் செய்கையாளருக்கு இதுவே பெரிய பலம் என்பேன். சோதனை, சான்றிதழ்ச் செலவை மட்டும் சிறு தோட்டக்காரர் தலையில் கட்டக் கூடாது; அரசே ஏற்க வேண்டும்.